வத்தல் கடை வெப்சைட்டில் மழை

போன வாரம் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் போனைப் பார்த்துவிட்டு, முன்சீட்டில் இருந்த மனைவியிடம், திருச்சுழிப் பக்கம் நேத்து நல்ல மழையாம் என்றார். மெல்ல எட்டிப் பார்த்தேன்... அட, என் தங்கச்சி எஸ்தரோட வெப்சைட்!

சும்மா இருப்பேனா? இதையெல்லாம் நம்பலாமா சார் என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘‘அந்த வத்தக் கடை அம்மா போட்டா சரியாத்தான் இருக்கும்’’ என்றார். அது என் கூடப்பிறந்த தங்கச்சி என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டுமே.

எஸ்தரும் அவள் வீட்டுக்காரர் செல்வராஜும் பந்தல்குடியில் மிளகாய் வத்தல், மல்லி, குதிரைவாலி வியாபாரம் செய்கிறார்கள். சுத்துப்பட்டுச் சம்சாரிகளிடம், அதாவது விவசாயிகளிடம், வாங்கி விற்பது. ரெண்டு வருஷம் முன்னால், வெளியூருக்கும் அனுப்பலாமே என்று எஸ்தர் வெப்சைட் ஆரம்பித்தாள். ஆலோசகர் யார்? நான்தான். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்குத் தெரியாத விஷயம் உண்டா என்ன... ஓடுகிற எழுத்து, விரிகிற பூ, திறந்ததுமே நாதஸ்வரம் — எல்லாம் என் ஐடியா.

வந்தவர்கள் யார் யார்? நான், எஸ்தர், அவள் நாத்தனார். நாதஸ்வரத்துக்குப் பயந்து நாத்தனாரும் அப்புறம் வரவில்லை.

மாப்பிள்ளை பொறுமைசாலிதான். ஆனால் இந்த ஆடியில் அவரும், கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம், அப்புறம் மூடிவிடலாம் என்றுவிட்டார். எஸ்தர் முகம் சுண்டிப்போனது. அந்தக் கடையில் மற்றதெல்லாம் அவள் மாமனார் ஏற்பாடு செய்து வைத்தது. அவளாக ஆரம்பித்தது இது ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை அவள் கவனித்திருந்தாள். சென்னையோ குவைத்தோ, எங்கிருந்து யார் போன் போட்டாலும் வத்தல் விலையை அப்புறம்தான் கேட்பார்கள். முதல் கேள்வி, ‘அங்கிட்டு மழை உண்டா?’ கரிசக்காட்டுக்காரன் எந்தச் சீமையில் பிழைத்தாலும் மழை விசாரிக்காமல் இருக்க மாட்டான். டிவியில் மாவட்டத்தைச் சொல்வார்கள். தன் ஊர்க் கண்மாய்ப் பக்கம் பெய்ததா என்று யார் சொல்வது?

ஆவணியில் ஆரம்பித்தாள். நாதஸ்வரத்தை நிறுத்தினாள் — எனக்கு வருத்தம்தான். வத்தல் தருகிற சம்சாரிகளுக்கு தினமும் காலையில் போன். ஊர்ப் பேரைப் போட்டு, எதிரே ஒரே பதில்: ‘இல்லை’, ‘தூத்தல்’, ‘உழவு மழை’. உழவு மழை என்றால் ஏர் இறங்குகிற அளவுக்கு மண் நனைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அவ்வளவுதான். தினமும் ஜனம் வர ஆரம்பித்தது. மழையைப் பார்க்க வந்தவர்கள் கீழே இருக்கிற வத்தலையும் பார்ப்பார்களா இல்லையா? பார்சல் கட்ட மாப்பிள்ளைக்கு ரெண்டு கை பத்தவில்லை.

புரட்டாசியில் வந்தது வினை. ஒரு ஊர்ச் சம்சாரி, நாலு சொட்டுத் தூத்தலைப் போய் ‘உழவு மழை’ என்று சொல்லிவிட்டார். ஏன் தெரியுமா? சுத்தியிருக்கிற ஊருக்கெல்லாம் மழை, அவர் ஊருக்கு மட்டும் வாரக்கணக்கில் ‘இல்லை’. உலகமே பார்க்கிற இடத்தில் ஊர் மானம் போகிறதே என்ற கவலை அவருக்கு...

எஸ்தரும் அப்படியே போட்டுவிட்டாள். குவைத்தில் இருக்கிற அந்த ஊர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்து, அங்கிருந்தே டிராக்டர் பேசி தன் காட்டுக்கு அனுப்பிவிட்டார். காய்ந்த கரிசலில் கலப்பை இறங்கினால்தானே? டிராக்டர் வந்த வழியே திரும்பிப் போனது. மனுஷர் எஸ்தருக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டாள். சத்தமில்லாமல் அழித்துவிடு, யார் பார்த்திருக்கப் போகிறார்கள் என்றேன். மாப்பிள்ளையும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

‘‘அவுக பாத்திருக்காகள்ல அண்ணே. என்னைய நம்பித்தான டிராக்டர் விட்டாக?’’

அழிக்கச் சொன்ன எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

வத்தல் படத்துக்கெல்லாம் மேலே பெரிய எழுத்தில் போட்டாள். ‘நேற்று போட்ட உழவு மழை தப்பு. வெறும் தூத்தல்தான். சரியாக விசாரிக்காமல் போட்டது என் தவறு. இனி ஊருக்கு ரெண்டு பேரிடம் கேட்டுத்தான் போடுவேன். — எஸ்தர்.’ அந்தச் சம்சாரி பேரைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அவ்வளவுதான், கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் குவைத்காரர் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். எஸ்தருக்கு எடுக்கவே பயம். எடுத்தால், ‘‘தங்கச்சி, எங்க ஊருக்கு ரெண்டாவது ஆளா எங்க அண்ணன் நம்பரை எழுதிக்கிருங்க’’ என்றாராம்.

இப்போது ஊர்க்காரர்கள் தாங்களாகவே போன் போட்டு மழை சொல்கிறார்கள். ஒருத்தர் கூட்டிச் சொன்னால் அடுத்தவர் விடுவதில்லை. கிறிஸ்துமஸ் இன்னும் வரவில்லை. அதற்குள் மாப்பிள்ளை, வெப்சைட்டுக்கு அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் நல்லது.

கூட்டத்தைக் கூட்டுவது ஒரு பெரிய வித்தையே இல்லை. ‘தப்பாச் சொல்லிட்டேன்’ என்று சொன்ன பிறகும் அது கலையாமல் நிற்க வேண்டும்.

என் தங்கச்சிக்கு நிற்கிறது.