கியூபாவுக்குப் போன சோப்பு

அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து சிவப்புச் சோப்பின் காட்டமான நெடி வந்துகொண்டே இருந்தது; இன்றும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த நெடி அடித்தால் என் கண் கட்டிலடியைத் தேடுகிறது.

அப்பாவை நாங்கள் "நைனா" என்போம். விம்கோ நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். கைக் கிரீஸைக் கழுவ மாதம் பிறந்ததும் தொழிலாளிகளுக்கு அங்கே சோப்பு தருவார்கள். அந்தக் "கம்பெனி சோப்பில்"தான் எங்கள் தெருவே குளித்ததும் துவைத்ததும். சோவியத் நாடு உடைந்தபின், அதை நம்பியிருந்த கியூபாவில் குளிக்கச் சோப்புகூட இல்லை, கப்பலில் அனுப்பப் போகிறோம் என்று தொழிற்சங்கத்தில் சொல்ல, எங்கள் தெருவில் சேகரிக்கும் பொறுப்பை நைனா ஏற்றுக்கொண்டார்.

கியூபா எண்ணூருக்கு அந்தாண்டை இருப்பதாகப் பக்கத்து வீட்டு மேரியக்கா சொன்னதை நான் வெகுநாள் நம்பினேன். "சோப்பு இல்லாம புள்ளைங்கோ இன்னா பண்ணும்?" என்று அவள்தான் முதலில் தன் பங்கை, நைனா கட்டிலடியில் வைத்த பெட்டியில் போட்டாள்.

அடுத்த மாதம் கம்பெனியில் சோப்பு தரவில்லை. "சோப்புதானே, வர்ற மாசம் சேத்துக் குடுப்பான்" என்று நைனா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பிறகு ஓவர்டைம் நின்றது. ஒருநாள் காலை கம்பெனி கேட்டில் பூட்டும் நோட்டீசும் தொங்கின.

என் பள்ளிச் சீருடை பழுப்பேறியதைப் பார்த்து அம்மா பெட்டியிலிருந்து ஒரு சோப்பை எடுத்தாள்.

"அது கியூபா சோப்பு. கீய வெய்" என்றார் நைனா.

"அவங்களுக்கு நாம அனுப்புறோம். நம்ம வூட்டுக்கு எந்த ஊர்லேர்ந்து கப்பல் வரும்?"

நைனா பெட்டியைத் திறந்து வைத்தார். அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெகுநேரம் கழித்து அம்மாவே சோப்பைப் பெட்டியில் போட்டாள். மறுநாள் அவர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, மழையில் நனையாமல் தார்ப்பாய் மூடி, சங்கத்துக்கு நடந்தார்.

அந்தக் கேட் பிறகு திறக்கவேயில்லை. அங்கே இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. நைனாவும் இல்லை, சங்கத்துக் கொட்டகையும் இல்லை. கியூபாவில் மறுபடி இருட்டு, தட்டுப்பாடு என்று செய்தியில் சொல்கிறார்கள். இந்த முறை சோப்பு சேகரிக்கப் பெட்டியோடு யாரும் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

போன வாரம் எண்ணூரில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் என் மகன், கேண்டீனில் டீயை நிறுத்திவிட்டார்கள் என்றான்.

"டீதானம்மா, வெளிய குடிச்சிக்கிறோம்" என்று அவன் தாத்தாவைப் போலவே சிரித்தான். நான் சிரிக்கவில்லை.