சாமி மேடையில் வைத்த டேப்பு

போன வாரம் என் மகன் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, ஹார்ட் டிஸ்குக்கு அடியில் நாலு ரப்பர் வளையம் வைத்தான். உள்ளே தட்டு சுழலும் அதிர்வு தகரத்தில் ஏறித்தான் அத்தனை இரைச்சலாம். குடும்பப் படங்களுக்கு இன்னொரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள், ஒன்றையே நம்பியிருக்காதீர்கள் என்றும் சொன்னான். நான் அந்த ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காஜா பெராங்கில் நாங்கள் இருந்த பலகை வீடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் அது. எனக்கு எட்டு வயது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, அடுத்த தெருவில் இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து எங்கள் வீட்டு முருகனுக்கு அவர்தான் பாடுவார். அம்மாவுக்குப் பாட்டு வராது. பெரியப்பா இந்தியாவுக்கே திரும்பிவிடுவதென்று கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

சித்தப்பாவுக்குப் பண்டார் ஹிலிரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலை. யாரோ ஒரு துரை பழுதுக்குக் கொடுத்த டேப் ரெக்கார்டரை, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்கிற சாக்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். டேப்பு மட்டும் அவர் சொந்தக் காசில் வாங்கியது.

பெரியம்மாவைப் பாடச் சொல்லி முதல் தடவை பதிந்ததைப் போட்டுக் கேட்டால் பாட்டைவிட மோட்டார் சத்தம்தான் பெரிதாக இருந்தது. மாவு மில்லுக்குள் நின்று பாடியது போலிருக்கிறது என்றார் அம்மா. சித்தப்பா பழைய சைக்கிள் டியூபை நாலு துண்டாக வெட்டி மெஷினின் கால்களுக்கு அடியில் வைத்தார். மைக்கைத் தள்ளி வேறு நாற்காலியில், மடித்த போர்வை மேல் வைத்தார்.

"சாமி பாட்டுக்கு சைக்கிள் டியூப்பா தம்பி? முருகனுக்கு மயிலு இருக்கே, பத்தாதா?" என்றார் பெரியம்மா.

"மயிலு கத்தும்க்கா. டியூப்பு கத்தாது."

சிரித்து முடித்துவிட்டு மூன்று பாட்டுப் பாடினார். இந்த முறை குரல் தெளிவாக விழுந்தது.

சூடு ஆகாது, தூசி ஆகாது, ரேடியோ பக்கத்தில் வைக்கக் கூடாது, பத்திரம் என்று சொல்லிச் சித்தப்பா டேப்பை அம்மாவிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் பத்திரமான இடம் ஒன்றுதான். பிறப்புப் பத்திரம் முதல் அம்மாவின் காசுமாலை வரை முருகன் படத்துக்குக் கீழே சாமி மேடையில்தான் இருக்கும். டேப்பும் அங்கே போனது. பெரியம்மா கப்பலேறினார்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் வீட்டிலுள்ள சாமான்களுக்குத் திருநீறும் சந்தனமும் வைப்பது என் வேலை. தையல் மெஷினுக்கு, அப்பாவின் சைக்கிளுக்கு, பிறகு டேப்புப் பெட்டிக்கு. பெட்டிக்கு வைத்தால் போதுமா, பெரியம்மாவின் குரல் உள்ளே அல்லவா இருக்கிறது என்று தோன்றியது. பெட்டியைத் திறந்து டேப்பின் மேலேயே பூசினேன். வாரம் தவறவில்லை. வீட்டில் மெஷின் இல்லாததால் யாரும் டேப்பைப் போட்டுப் பார்க்கவும் இல்லை.

ஒரு வருஷம் ஆகியிருக்கும். பெரியம்மா தவறிவிட்டார் என்று கடிதம் வந்தது. சித்தப்பா எங்கோ கெஞ்சி ஒரு மெஷின் வாங்கி வந்தார். பெட்டியைத் திறந்தவர் சாம்பல் படிந்த டேப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றேன். மேல் சுற்றுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இழுத்தால் அறுந்து வந்தன.

"டேப்பு மட்டம் அண்ணி. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

அம்மா என் விரல்களைப் பார்த்தார்.

கெட்டதை வெட்டிவிட்டு, உள்ளே மிஞ்சிய சுருளைச் சித்தப்பா ஓடவிட்டார். மூன்று பாட்டும் போய்விட்டிருந்தன. கொஞ்ச நேரம் உஸ்ஸென்று இரைந்தது. அன்றைக்கு மெஷினை நிறுத்த மறந்திருப்பார் போலிருக்கிறது, திடீரென்று பெரியம்மா பேசினார்:

"முடிஞ்சிச்சா தம்பி? ஏ தங்கச்சி, எந்திரி, சோறு வடிக்கணும்லா. நீ இன்னும் சாப்பிடல."

அவ்வளவுதான். அம்மா மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். சித்தப்பா சலிக்காமல் சுற்றிச் சுற்றிப் போட்டார். அம்மா பாட்டுக்காகத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்து, ஒரே ஒரு பாட்டையாவது திருப்பிக் கொடு முருகா என்று ஒவ்வொரு தடவையும் வேண்டிக்கொண்டு நின்றேன்.