நிக்காஹ் வீட்டு வாசனை உப்பு

வளைகுடாவில் ஒரு பெரிய ஓட்டலில் எனக்கு வேலை. அறைகளைத் தயார் செய்வது, படுக்கை விரிப்பு மாற்றுவது, துண்டுகளை மடித்து வைப்பது. விருந்தாளி கேட்டுக்கொண்டால் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி வாசனை உப்பைக் கரைத்து வைப்பதும் உண்டு. ஊருக்குப் போன் பேசும்போது இதையெல்லாம் வீட்டில் சொல்வேன். அப்போது என் மகள் சின்னப் பிள்ளை. "குளிக்கிற தண்ணியில எதுக்கு அத்தா உப்பு? மனுசங்கள ஊறுகா போடுறாங்களா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள்.

வேலையை விட்டு ஊர் திரும்பியபோது அவளுக்குக் கல்யாண வயது. மாப்பிள்ளை சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருந்தார். நிக்காஹ்வை அங்கேயே ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. சாப்பாடு அவர்கள் பொறுப்பு. வந்தவர்களுக்குக் கையில் கொடுத்தனுப்பும் பொருள் எங்கள் பொறுப்பு.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூன்று பேரும் யோசித்தோம். எவர்சில்வர் டப்பா, பிளாஸ்டிக் தட்டு, சுவர்க் கடிகாரம் எல்லாம் பேச்சில் வந்து போயின. என் மனைவி அலமாரியைத் திறந்து காட்டினாள். அதில் ஊர்ப்பட்ட கல்யாண டப்பாக்கள், ஒன்றுக்குள் ஒன்றாக.

மகள்தான் சொன்னாள். "அத்தா, நீங்க சொல்வீங்களே அந்த வாசன உப்பு, அத நாமளே செஞ்சு குடுத்தா என்ன?"

"நம்ம சனங்க வீட்டுல தொட்டி எங்கடி இருக்கு?" என்றாள் மனைவி.

"கால் இருக்குல்ல? பக்கெட் இருக்குல்ல? போதும்மா."

மறுநாளே திருப்பாதிரிப்புலியூருக்குக் கிளம்பிவிட்டேன். அந்த உப்புக்கு ஓட்டலில் வைத்திருந்த ஆங்கிலப் பெயரைச் சொன்னால் நாட்டு மருந்துக் கடைக்காரருக்குப் புரியவில்லை. போனில் படத்தைக் காட்டினேன்.

"அட, பேதி உப்பு! இத முன்னயே சொல்லக் கூடாதா? எவ்ளோ வேணும்?"

"ஒரு மூட்ட கெடைக்குமா?"

அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாய், வீட்டுல எத்தினி பேருக்கு வயிறு சரியில்ல?"

கல்யாணத்துக்கு என்று நான் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கடையில் நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள். காலை ஊற வைக்க என்று விளக்கியபிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. வெட்டிவேர்த் தைலம், காய்ந்த பன்னீர் ரோஜா இதழ், கல் உப்பு, சமையல் சோடா என்று நான் கேட்டதையெல்லாம் எடுத்து வைத்தார். மூட்டையை ஆட்டோவில் ஏற்றும்போது, "விருந்துல மட்டும் கலந்துடாதீங்க பாய்" என்று வாசல்வரை வந்து சொன்னார்.

முதல் தடவை செய்தது பாழாகிவிட்டது. ஓட்டலில் நான் உப்பைக் கரைத்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் செய்ததில்லை. ஈரம் போகட்டும் என்று பேதி உப்பில் இரண்டு படியை வாணலியில் கொட்டி வறுத்தேன். அது தன் தண்ணீரிலேயே உருகி, கொழகொழவென்று அடியில் பிடித்துக்கொண்டது. உருகாமல் தப்பியதில் மணத்துக்காகப் பன்னீரைத் தாராளமாகத் தெளித்தேன். கடலோர ஊரின் ஈரக் காற்று வேறு. காலையில் பார்த்தால் பாட்டிலுக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு குழம்பு, மேலே மிதக்கும் ரோஜா இதழ்கள்.

மகள் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தாள். "அத்தா, இது உப்பு இல்ல, கஞ்சி."

மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். கிளம்பும் அவசரத்திலும் நின்று, "வறுக்குறதுன்னா கல் உப்ப வறுங்க. அதுலதான் ஈரம் ஜாஸ்தி. இத அப்படியே விட்டுடுங்க. தைலத்த முதல்ல சோடாவுல பிசறிட்டு அப்பறம் கலக்குங்க, கட்டி தட்டாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். புட்டுக்கு மாவு பிசறும் அதே கைப்பக்குவம். அப்படியே செய்தேன். பேதி உப்பு இரண்டு பங்கு, வறுத்து ஆறிய கல் உப்பு ஒரு பங்கு, சோடா கொஞ்சம், அதில் சில சொட்டு வெட்டிவேர்த் தைலம். உலர்ந்த இதழ்களைக் கையால் நொறுக்கித் தூவினேன். இந்த முறை பொலபொலவென்று வந்தது. மழை விழுந்த மணல்மேட்டு வாசனை வீடு முழுக்கப் பரவியது.

அன்று மாலை மனைவி பள்ளிவிட்டு வந்ததும் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். துணி ஊற வைக்கும் நீல நிற டப்பில் வெந்நீர் விளாவி, இரண்டு கை உப்பைப் போட்டேன்.

"ஏங்க, என்னா பண்றீங்க? யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கால வை."

நாள் முழுக்க கரும்பலகை முன்னால் நின்று வீங்கிய கால்கள். விரல் நுனியை வைத்துப் பார்த்தாள். பிறகு கணுக்கால்வரை இறக்கினாள். நான் கீழே உட்கார்ந்து அவள் குதிகாலைத் தேய்த்துவிட்டேன். அவள் வெட்கப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பவும் நீட்டினாள்.

"இன்னும் ஒரு சொம்பு வெந்நி ஊத்துங்க" என்றாள், கண்ணை மூடியபடி.

ஊற்றினேன். வகுப்பில் ஒரு பையன் வாய்ப்பாடு ஒப்பித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் குரல் நின்றது. நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். எத்தனையோ வருடம் போனில் மட்டும் கேட்ட குரல், இப்போது கைக்கெட்டும் தூரத்தில் லேசாகக் குறட்டை விட்டது. தண்ணீர் ஆறும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை. உள்ளேயிருந்து வந்த மகள் எங்களைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

அதன்பிறகு வீடே உப்பு ஆலை ஆனது. அண்ணாகிராமம் பக்கம் முந்திரி வியாபாரம் செய்யும் என் மனைவியின் தம்பி வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். "மச்சான், முந்திரிப் பருப்பு குடுத்தா வாயாவது மணக்கும். உப்ப குடுத்தா அனுப்பப் போறீங்க?"

"நீயும் கால வச்சுப் பாரு" என்றாள் அவன் அக்கா. அவன் வைத்துப் பார்த்தான். மறு நடையில், முந்திரிப் பொட்டலங்களுக்குக் காற்றுப் புகாமல் வாய் ஒட்டும் மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். கடல் காற்றுப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. உப்பை உறையில் போட்டு ஒட்டி, அந்த உறையைச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் வைத்தோம். மனைவி தன் டீச்சர் கையெழுத்தில் சீட்டு எழுதினாள்: 'கால் ஊற வைக்க மட்டும். சமையலுக்கு அல்ல.' கடைசி வாக்கியத்தின் கீழ் இரண்டு கோடு.

நிக்காஹ்வுக்கு முதல் நாள் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். கண்டிப்பான பேச்சு அவருக்கு. "சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. உப்பு குடுக்குறாங்கன்னு எங்க சொந்தத்துல ஒரு மாதிரி பேசுறாங்க. கூட ஒரு டப்பாவாவது வாங்கிடுங்களேன்." போனை வைத்ததும் டப்பா வாங்கி வரச் சட்டையை மாட்டினேன். மகள் மருதாணிக் கையை விரித்துக் காட்டியபடி, "ஒண்ணும் வாங்காதீங்க அத்தா. இதுதான் என் கல்யாணத்துக்கு" என்று சொல்லிவிட்டாள்.

சிதம்பரம் மண்டபத்தில் நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. பிரியாணி மணத்தில் எங்கள் வெட்டிவேர் எடுபடவே இல்லை. பாட்டிலை வாங்கியவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சீட்டைப் படிக்காமல் உறையைப் பிரித்து மூக்கில் வைத்துப் பார்த்த சிலர், "கூல்ட்ரிங்க்ஸ் பவுடரா?" என்றார்கள். நான் சிரித்துச் சமாளித்தேன்.

மதியப் பந்தி முடிந்து கூட்டம் கலைந்த நேரம். பெண்களுக்கான அறையில் சம்பந்தியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விடியற்காலையிலிருந்து நின்றதில் கால் இரண்டும் வீங்கியிருந்தன. என் மனைவி டம்ளர் கழுவும் பெரிய பிளாஸ்டிக் டப்பைத் தேய்த்துக் கழுவினாள். சமையல்கட்டிலிருந்து வெந்நீர் வாங்கி, ஒரு பாட்டிலைத் திறந்து உறையைக் கிழித்துக் கொட்டினாள். சம்பந்திக்குச் சுகர் உண்டு, காலில் சூடு சரியாக உறைக்காது. அதனால் முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தாள்.

"வைங்க சம்பந்தி."

"அய்ய, எதுக்கு இதெல்லாம்?"

"நானும் வைக்கிறேன். வைங்க."

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே டப்பில் கால் வைத்தார்கள். பிறகு சம்பந்தியம்மா ஒரு பெருமூச்சு விட்டார். "யா அல்லா... சொகமா இருக்கே!"

அந்தக் குரல் கூடம்வரை கேட்டது. ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் சித்தி வந்து ஒரு காலை மட்டும் நுழைத்தார். இன்னொரு டப் வந்தது. கடைசியில் பட்டுப்புடவையைக் கெண்டைக்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு மகளும் வந்து, அம்மாவுக்கும் மாமியாருக்கும் நடுவில் தன் மருதாணிக் கால்களை இறக்கினாள். "புதுப்பொண்ணு செய்யிற வேலையா இது!" என்று யாரோ சொல்ல, சம்பந்தியம்மாதான் முதலில் சிரித்தார். உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தண்ணீர் தரையெல்லாம் தெறித்தது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் தோளை யாரோ தொட்டார்கள். தேக்சா தேக்சாவாகப் பிரியாணி இறக்கிய சமையல்காரர். "பாய், ஆம்பளைங்களுக்கு எங்க?" என்றார். மண்டபத்துப் பின்பக்கம் அவருக்கும் ஒரு பக்கெட் வைத்தேன். மாப்பிள்ளையும் என் மனைவியின் தம்பியும் வரிசையில் நின்றார்கள். காலையில் வாங்கிய பாட்டிலைப் பந்தி மேசையிலேயே விட்டுப் போன சிலர், அதைத் தேடித் திரும்பி வந்ததையும் பார்த்தேன்.

சில மாதம் கழித்து மகளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அத்தா, உப்பு தீந்து போச்சு. கடைசி கைப்பிடிக்கு மாமிக்கும் எனக்கும் சண்ட. அவுங்கதான் ஜெயிச்சாங்க. சீக்கிரம் கெளம்பி வாங்க."

பின்னால் சம்பந்தியம்மாவின் குரலும் கேட்டது: "ஜாஸ்தியா கொண்டாரச் சொல்லு!"

இந்த முறை மரிக்கொழுந்தை நிழலில் காயவைத்துச் சேர்த்திருந்தேன். ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் வைத்ததும் வாசனை பஸ் முழுக்கப் பரவிவிட்டது. முன் சீட்டு அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "என்னா பாய், தூக்குது வாசன?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். நாளெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவர். ஒரு பொட்டலத்தை அவர் பையில் வைத்தேன். முன் சீட்டு அம்மாவும் தயங்காமல் கையை நீட்டினார்.

சிதம்பரத்தில் இறங்கி அவர்கள் தெருவில் திரும்பும்போதே வாசலில் சம்பந்தியம்மா நிற்பது தெரிந்தது. சலாம் சொல்லி முடிப்பதற்குள் பையை வாங்கிக்கொண்டார். உள்ளே மகளின் குரல்: "மாமி, தண்ணி சுட்டுடிச்சு!"

"டீ குடிச்சிட்டு ஒக்காருங்க சம்பந்தி, இதோ வந்துடுறோம்" என்று சொல்லிவிட்டு, அவர் பையோடு பின்பக்கம் விரைந்தார். மாப்பிள்ளை டீயோடு வந்தார். பின்பக்கத்திலிருந்து இரண்டு பேரின் சிரிப்பும் தண்ணீர் தளும்பும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன.