வீட்டுக்காரர் வெளியே, விருந்தாளி உள்ளே: கல்வராயன் மலை, மார்ச் 2020

கல்லூரிகளுக்கு மார்ச் கடைசி வரை விடுமுறை என்று அறிவித்த அன்று, உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷம்தான். விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தேர்வுக் காலத்துக்கு முன்னால் இப்படி ஓய்வு கிடைத்ததே இல்லை. கொரோனா என்பது அப்போது டிவியில் வேறு நாட்டுக்காரர்கள் முகத்தை மூடிக்கொண்டு நடக்கிற செய்தி, அவ்வளவுதான். கூட்டமில்லாத இடத்துக்குப் போவது நல்லதுதானே என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். 21ஆம் தேதி சனிக்கிழமை கிளம்பி திங்கட்கிழமை திரும்புவதாகத் திட்டம். திரும்பியது அதற்கடுத்த திங்கட்கிழமை. அதைப் பற்றி எழுத எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

காலை ஆறே முக்காலுக்கு விழுப்புரத்தில் பஸ். உளுந்தூர்பேட்டைக்குச் சுமார் 38 கிலோமீட்டர். அங்கே இறங்கி நாஷ்டா சாப்பிடுவது என் வழக்கம். கோழி தின்றால் கொரோனா வரும் என்று ஒரு புரளி ஓடிக்கொண்டிருந்த நேரம். இட்லி வைத்தவர், "சிக்கன் குழம்பு சும்மாவே ஊத்தறேன் மேடம், வேணுமா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். "நீங்களுமா! கோழிக்கு ஜுரமே இல்ல மேடம், நமக்குத்தான் பயம் ஜாஸ்தி" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அங்கிருந்து கள்ளக்குறிச்சி ஒரு மணி நேரம். வழியில் ஒருவர் தும்மினார். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "யோவ், சைனாவுல ஏறினியா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது, தும்மியவர் உட்பட. நானும் சிரித்தேன். ஒரே ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். மூன்று நாள் கழித்து எல்லாரும் அவளைப் போல ஆகிவிடுவோம் என்று அப்போது தெரியாது.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு நேர் பஸ் உண்டு. கச்சிராயபாளையம் தாண்டி, கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் கொஞ்சம் ஊர்ந்து, அப்புறம் மலையேறும். இரண்டு மணி நேரம் ஆகும். நின்றுகொண்டு போனால் வளைவுகளில் வயிறு புரளும், உட்கார இடம் கிடைக்கிற பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். சாலையோரமே பெரியார் அருவி இருக்கிறது. மார்ச்சில் பாறை நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர். வெள்ளிமலையிலிருந்து நான் போன ஊருக்கு ஜீப்பில் ஒன்பது கிலோமீட்டர். அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை.

அங்கே மல்லிகா இருக்கிறாள். இரண்டு வருடம் முன்பு தோழிகளோடு போனபோது அவள் வீட்டில் சாப்பிட்டோம். அதிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் போனில் பேசுவோம். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் வெள்ளையன், மிளகு பறிக்க வருடாவருடம் கேரளத்து எஸ்டேட்டுக்குப் போய்விட்டு சித்திரைத் திருவிழாவுக்குத் திரும்புவார். ஒரே மகள் கவிதா, நான்காம் வகுப்பு. இரண்டு அறை வீடு. முன்னறையில் எனக்குப் பாய் போட்டுக் கொடுத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு, நாடு முழுக்க ஒரு நாள் ஊரடங்கு. ஜீப் ஓடாது என்பது தெரிந்த விஷயம்தான். ஊரே பெரியசாமி வீட்டு டிவி முன்னால் இருந்தது. பெரியசாமிதான் அந்த ஊரின் ஊர்க்கவுண்டர், அதாவது தலைவர். வெள்ளையனின் கூடப்பிறந்த அண்ணனும் அவர்தான். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு நாளு கதவ சாத்துன்றாங்க. ஒரு நாளு சாத்துனா நோவு திரும்பிப் போயிடுமா? நாம எட்டு நாளு சாத்துவோம். காப்பு கட்டிடலாம்."

தெரியாதவர்களுக்காக: மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் ஊர் எல்லையில் காப்புக் கட்டுவார்கள். கட்டும்போது உள்ளே இருப்பவர்கள் அவிழ்க்கும் வரை வெளியே இரவு தங்கக் கூடாது. வெளியே இருப்பவர்கள் உள்ளே வந்து இரவு தங்கக் கூடாது. சித்திரையில்தான் அங்கே வழக்கம். ஆனால் அந்தக் காலத்தில் அம்மை போட்டால் மாதம் பார்க்காமல் கட்டுவார்களாம். அந்த நினைப்பில்தான் அவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

என்னிடம் வந்து, "மேடம், நடந்தாவது எறங்கணும்னா இப்பவே எறங்கிடுங்க. கட்டிட்டா எட்டு நாளு நீங்க எங்க ஊரு ஜனம்" என்றார்.

"எங்க போவாங்க மாமா? வூட்ல அரிசியா இல்ல?" என்று மல்லிகா முந்திக்கொண்டாள். நானும் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டேன். திங்கட்கிழமை பகலில் ஜீப் வந்தால் ஏறிப் போய்விடலாம், கும்பிட்டு விடைபெற்றால் விட்டுவிடுவார்கள் என்பது என் கணக்கு.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, கீழே ஊர்களில் மருத்துவர்களுக்காக எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே பம்பை அடித்தார்கள். ஊருக்குள் வருகிற பாதையில் இரண்டு மரங்களுக்கு நடுவே மஞ்சள் கயிறு, அது நிறைய வேப்பிலைக் கொத்து. கட்டுவதற்கு முன் பெரியசாமி உரக்கக் கேட்டார்: "வெளில போனவங்க, வரவேண்டியவங்க யாருனா கீறாங்களா?" ஒருவருடைய மகன் வெள்ளிமலைக் கடைக்குப் போயிருந்தான், அவன் வரும் வரை பம்பையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். மறுபடி கேட்டார். அப்போது மல்லிகா, "எங்க வூட்ல யாரும் இல்ல மாமா. அவரு சித்திரைக்குத்தான் வருவாரு. நீங்க கட்டுங்க" என்றாள். மற்ற எல்லார் குரலையும்விட அவள் குரல்தான் தெளிவாகக் கேட்டது. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஊரில் ஒரே ஒரு பாறை மேல் நின்றால்தான் போன் எடுக்கும். திங்கள் காலை அங்கே ஏறி விழுப்புரத்தில் இருக்கும் என் தங்கைக்குப் போன் செய்தேன். அழைப்புக்கு முன்னால் கொரோனா அறிவிப்பின் அந்த இருமல், அப்புறம் கை கழுவச் சொல்லும் குரல். அதுவரை அதைக் கேட்டு எரிச்சல்பட்டவள் அன்று முதல்முறையாகப் பயந்தேன். தங்கை அழுதாள். ரயில் நின்றுவிட்டது, மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் போகாது என்கிறார்கள் என்றாள். ஜீப்காரரைக் கூப்பிட்டேன். "கீழ போலீஸ் நிக்குது மேடம். வண்டி எடுத்தா புடுங்கி வெச்சிப்பாங்க" என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். கயிற்றுக்கு அந்தப் பக்கம், நாற்பது அடி தள்ளி, தோளில் பையோடு வெள்ளையன் நின்றுகொண்டிருந்தார்.

எஸ்டேட்டை மூடி எல்லாரையும் அனுப்பிவிட்டார்களாம். லாரி மாறி சேலம், அங்கிருந்து காலி தக்காளி வண்டியில் கருமந்துறை, பிறகு நடை. ஊரே கூடிவிட்டது. கவிதா "அப்பா" என்று ஓடினாள். மல்லிகா பாவாடையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"டேய், அங்கியே நில்லு" என்றார் பெரியசாமி.

"நிக்கறேண்ணா."

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலைக்கு வாய் அதிகம். "பட்டணத்து அம்மா உள்ள குந்திக்கினு கீது, வூட்டுக்காரன் வெளிய நிக்கிறான். நல்லா கீதுய்யா உங்க காப்பு!" என்றாள். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் போயிடறேன்" என்றேன். எங்கே, எப்படி என்று யோசிக்காமல்தான் சொன்னேன். "எனக்குப் பதில் அவர் வரட்டும்."

பெரியசாமி என் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னா மேடம், பஸ்ஸுல சீட்டு மாத்திக்கறதா இது? கட்டறப்போ நீங்க உள்ள இருந்தீங்க. அவன் இல்ல."

"உங்க தம்பி மாமா அவரு" என்றாள் மல்லிகா.

"தம்பிதான். இன்னைக்கு என் தம்பிய வுட்டுட்டா நாளைக்கு எவன நான் தடுப்பேன்? நீயே சொல்லு."

அவள் கயிறு வரை போய் நின்றாள். வெள்ளையன் கயிற்றுக்குச் சில அடி வரை வந்துவிட்டு, மறுபடி கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டு, தணிந்த குரலில் ஏதோ பேசினார். உள்ளே விடுங்கள் என்று அந்த மனிதர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். எதிர்ச்சரிவில் அவர்களுடைய தினைக்காட்டில் ஒரு கொட்டாய் உண்டு, காவலுக்குப் போட்டது. பையைத் தூக்கிக்கொண்டு அங்கே நடந்தார்.

பொழுது சாய்கிற நேரம் மல்லிகா ஒரு கூடையில் அரிசி, மிளகாய், இரண்டு சட்டி எடுத்து வைத்தாள். சாப்பாடு கொடுத்துவிட்டு வரப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கூடவே ஒரு போர்வையையும் மடித்து வைத்தாள். "யக்கா, கவிதாவப் பாத்துக்கோங்க. தலைல பேன் கீது, சீவி வுடுங்க" என்றாள்.

எல்லையில் பெரியசாமி நின்றுகொண்டிருந்தார். "மல்லிகா, ராத்திரி வெளிய தங்கிட்டா அவுக்கற வரைக்கும் திரும்ப முடியாது. கொழந்த கீது பாரு."

"தெரியும் மாமா."

குனிந்து கயிற்றுக்குக் கீழே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கவிதா என் கையைக் கிள்ளுகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று எட்டு மணிக்குத்தான் டிவியில் இருபத்தோரு நாள் என்று சொன்னார்கள். "நாட்டுக்கே காப்பு கட்டிட்டாங்கடா" என்று யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. கவிதா என் மடியிலிருந்து, "எங்கப்பாவுக்குக் கொரோனாவா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்கு என்ன தெரியும்?

அடுத்த நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மல்லிகாவின் அடுப்பில் சமைத்தேன், மல்லிகாவின் பாயில் அவள் மகளை அணைத்துக்கொண்டு படுத்தேன். சாயங்காலமானால் இருவரும் கயிற்றண்டை போய் நிற்போம். எதிர்ச்சரிவிலிருந்து மல்லிகா கத்துவாள்: "துன்னியா?" இவள் கத்துவாள்: "துன்னேன்!" "பேன் எடுத்தாங்களா?" "எடுத்தாங்க!" வெள்ளையன் எட்ட நின்று கையை மட்டும் தூக்குவார். பெரியசாமி அந்த நேரத்தில் அந்தப் பக்கமே வரமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டாம் நாள். அவிழ்க்க வேண்டாம் என்று பாஞ்சாலையே ஆரம்பித்தாள். "இருவத்தோரு நாளு முடியட்டும் மாமா. நோவு ஜாஸ்தியாயிக்கினே போவுதாம்." பாதிப் பேர் அவள் பக்கம்.

"இது அம்மா காப்பு. எட்டாம் நாளு அவுக்கணும். கவர்மெண்டு கட்டினத அவங்க அவுக்கட்டும்" என்று பெரியசாமி கயிற்றை அவிழ்த்தார். பிறகு எதிர்ச்சரிவைப் பார்த்து, அத்தனை நாளில் முதல்முறையாக, தம்பியைக் கூப்பிட்டார். "டேய் வெள்ளையா! வாடா வூட்டுக்கு!"

வெள்ளையன் வரவில்லை. மல்லிகா மட்டும் பாதி தூரம் இறங்கி வந்தாள். கவிதா ஓடப் பார்த்தபோது, "கிட்ட வராத!" என்று கத்தினாள். அங்கேயே நின்று எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"எஸ்டேட்ல பக்கத்து லைன் வூட்டுக்காரன ஜுரம்னு ஆம்புலன்ஸுல ஏத்திக்கினு போனாங்களாம் மாமா. மறுநாளே இவுங்கள கெளம்புன்னுட்டாங்க. பதினாலு நாளு தனியா இருக்கணுமாமே. ரெண்டு பேருக்கும் ஜுரம் இல்ல. ஆனா இன்னும் நாளு கீது. முடிச்சிட்டுத்தான் வருவோம்."

பாஞ்சாலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியசாமி அவிழ்த்த கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே சொன்னாரு யக்கா, கயித்தாண்ட. கயிறு இல்லன்னா நேரா வூட்டுக்குத்தான் வந்திருப்பாராம். அதப் பாத்தப்புறம்தான் நெஞ்சு பக்குனு ஆச்சாம்."

"தெரிஞ்சுமா போனே?"

"அந்தாளுக்குச் சோறாக்கத் தெரியாது யக்கா." கொட்டாய்ப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒண்டியா கெடந்தா, ஜுரம் வந்தாகூட யாருக்குத் தெரியும்?" என்றாள்.

மறுநாள் காலை காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கிய வேனில் எனக்கு இடம் கிடைத்தது. நான் கிளம்புவதற்கு முன்பே பெரியசாமியின் மனைவி வந்து கவிதாவின் துணிகளை மூட்டை கட்டித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கள்ளக்குறிச்சியில் இன்னொரு காய்கறி வண்டி. உளுந்தூர்பேட்டையில், இரவும் பகலும் லாரி நிற்காத அந்த நால்வழிச் சாலையின் நடுவில், ஒரு நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

ஏப்ரலில் மல்லிகா பாறையிலிருந்து போன் செய்தாள். பதினாலு நாள் முடிந்து, மேலே இரண்டு நாளும் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எஸ்டேட்டிலிருந்து கொண்டுபோன அந்த ஆள் என்ன ஆனார் என்று இன்று வரை அவர்களுக்குத் தெரியாது.

நோய் பற்றிப் பிறகு எவ்வளவோ பார்த்துவிட்டோம். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை வரை, அது எனக்கு வரலாம், எனக்கு வராமலிருக்க வேண்டும் என்று மட்டும்தான் யோசித்திருந்தேன். வரட்டும், கூட இருக்கிறேன் என்று ஒருத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த அதிர்ச்சி இன்னும் எனக்குத் தீரவில்லை. அண்ணன் செய்ததா, அவள் செய்ததா, எது சரி என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் இருந்ததால்தான் அந்த ஊர் தப்பியது என்று சில சமயம் தோன்றும். தப்ப வேண்டிய ஆபத்து அங்கே இருந்ததா என்றே தெரியாது என்றும் தோன்றும்.

போகிறவர்களுக்கு: அருவி பார்க்க வேண்டுமென்றால் மழைக்குப் பிறகு, ஐப்பசி கார்த்திகையில் போங்கள். வெள்ளிமலையிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜீப் வாடகையை ஏறும் முன் பேசுங்கள். போன் எடுக்காது என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பங்குனி சித்திரையில் போனால், பாதையில் வேப்பிலைக் கயிறு கண்ணில் பட்டால், படம் எடுப்பதற்கு முன் அங்கேயே நின்று யாரையாவது கூப்பிட்டு விசாரியுங்கள். பிறகு, யாராவது தங்கள் வீட்டில் உங்களுக்குப் பாய் போட்டுக் கொடுத்தால், அந்த வீட்டுக்காரர் இன்று எங்கே படுக்கிறார் என்று கேட்டுவிட்டுப் படுங்கள்.