நாடி பிடிக்கும் நூருல் அமீன்

"நில்லு மாப்ள, கையக் குடு."

ஆட்டம் முடிந்து வீடியோ கேம் பெட்டியை விட்டு நகரும் பையனின் மணிக்கட்டை நூருல் அமீன் பிடித்துக்கொள்கிறார். கண் சுவர்க்கடிகாரத்தில். ஒரு நிமிடம் ஆனதும் எண்ணிக்கையைப் பழைய நாள்காட்டியின் முதுகில் எழுதுகிறார். "என்ன பாய், உசுரோடதான் இருக்கேனா?" என்று பையன்கள் கேலி பேசுவார்கள்.

மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில் அவருக்கு இப்படி மூன்று பெட்டிகள். இரண்டில் கார் ஓட்டலாம். மூன்றாவதில், இறங்கி வருகிற விமானங்களைச் சுட்டுத் தள்ள வேண்டும். சுடுவதற்கு அழுத்துகிற சிவப்புப் பொத்தான் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒன்று தேய்கிறது. அத்தா யூனானி வைத்தியர். மகனுக்கு மிஞ்சியது நாடி பிடிக்கிற பழக்கம்தான். கார் ஓட்டியவனைவிடச் சுட்டவனுக்கு நாடி ஏன் கூடுதலாக அடிக்கிறது? அதுதான் அவருடைய நெடுநாள் யோசனை. தாம் ஒருநாளும் விளையாடியதில்லை.

போன வாரம் வில்லாபுரத்திலிருந்து மலையாண்டி வந்தார். பத்தாவது படிக்கும் அவர் மகன் இந்தக் கடையே கதியென்று கிடப்பவன். சாப்பிடக் கூப்பிட்ட அக்காவைத் தட்டால் அடித்துவிட்டான். நெற்றியில் மூன்று தையல். மலையாண்டி சத்தம் போடவில்லை.

"பாய், நீங்களும் பிள்ளைகுட்டிக்காரரு. இந்தப் பெட்டி அவனக் கெடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போயிர்றேன்."

நூருல் அமீன் நாள்காட்டியின் முதுகில் இருந்த எண்களைப் பார்த்தார். "வெள்ளிக்கிழம வாங்கண்ணே. கெடுக்குதுன்னு தெரிஞ்சா நானே வயரப் புடுங்கிர்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர், கதவைப் பாதி சாத்திவிட்டுத் தம் நாடியைப் பார்த்தார். எழுபத்திரண்டு. எழுதிக்கொண்டு மூன்றாவது பெட்டியின் முன் நின்றார். முதல் ஆட்டம் கண் மூடித் திறப்பதற்குள் போயிற்று. நாலாவதில் கை பழகிவிட்டது. மனைவி ஜெயினம்பு தூக்குச்சட்டியோடு வந்து நின்றதையே அவர் கவனிக்கவில்லை. சோறு ஆறுகிறது என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு தோளைத் தொட்டாள்.

"சனியனே, தள்ளிப் போ."

அவர் முழங்கை இடித்துத் தூக்குச்சட்டி உருண்டது. இருபது வருடத்தில் அவளை அப்படி ஒரு சொல் சொன்னவரில்லை அவர்.

குழம்பு தரையில் ஓடியது. திரையில் விமானங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. வாசலில் மலையாண்டி செருப்பைக் கழற்றும் சத்தம். ஜெயினம்பு குனிந்து எதையும் அள்ளவில்லை. சிவப்புப் பொத்தானிலிருந்து அவர் கையை எடுத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.