புழுதியில் வைத்த பணயம்

அண்ணன் ஓலைக் கடகத்திலிருந்து நெல்லை அள்ளி வீசிக்கொண்டு போனார். நெல் விழுந்த இடமெல்லாம் சின்னச் சின்னதாய்ப் புழுதி எழும்பியது. மண்ணில் பேருக்குக்கூட ஈரமில்லை. வானத்தில் ஒரு மேகத் துண்டும் இல்லை. அப்போதுதான் எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

"இதுதான் ஆன்ரி!" என்று வரம்பில் நின்று கத்திவிட்டேன்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "எந்த அன்ரி? வயலுக்க ஆர் வந்தது?"

"ஆள் இல்ல அண்ணா. இங்கிலீசுச் சொல்லு."

"சொல்லப் புறகு பிடிக்கலாம். மற்றக் கடகத்த எடுத்துத் தா புள்ள."

எடுத்துக் கொடுத்தேன். மனம் என்னவோ அந்தச் சொல்லிலேயே நின்றது. பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறேன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கிழமை, சொற்களுக்கு முன்னால் ஒட்டி வரும் துண்டுகளைப் பற்றிப் பாடம். 'ஆன்ரி' (ante) என்றால் 'முன்'. கைபேசியில் காலை நேரத்துக்குப் பக்கத்தில் வரும் ஏ.எம்.மில் உள்ள ஏ அதுதான். நடுப்பகலுக்கு முன் என்று பொருள். பிள்ளைப்பேற்றுக்கு முந்திய கிளினிக்கின் ஆங்கிலப் பெயரும் அதே துண்டில்தான் தொடங்குகிறது. இதெல்லாம் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது.

அந்தத் துண்டே தனிச் சொல்லாக நிற்கும்போதுதான் சிக்கல். சீட்டு மேசையில், யார் கைக்கும் காட் வருவதற்கு முன்பே ஒவ்வொருவரும் நடுவில் வைக்கவேண்டிய பணயத்துக்கும் அதுதான் பெயர். எங்கள் பக்கத்தில் ஆடுவது முன்னூற்றி நாலு என்ற சீட்டாட்டம். அதில் கையில் வந்த காட்டைப் பார்த்த பிறகுதான் எவ்வளவுக்கு ஆடுவது என்று கேள்வி கேட்பார்கள். அதனால் ஒரு பெடியன் எழும்பி, "காட்டப் பாக்காம ஆராவது வைப்பாங்களா மிஸ்? விசரா அவங்களுக்கு?" என்றான். வகுப்பே சிரித்தது. விளையாட்டுக்குள் நுழைவதற்கான கூலி அது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எனக்கே அது ஒட்டவில்லை.

புழுதி விதைப்பைப் பார்த்ததும் ஒட்டிக்கொண்டது. உன்னிச்சைப் பக்கத்தில், குளத்து வாய்க்கால் எட்டாத மேட்டு வட்டையில்தான் எங்கள் வயல். அங்கே மழை வந்த பிறகு உழலாம் என்று இருந்தால் மண் சேறாகி, உழவு யந்திரம் இறங்க முடியாமல் போய்விடும். ஆகவே மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்து, மேலால் ஒரு உழவு போட்டு மூடிவிடுவார்கள். விதை உள்ளே போய்விட்டது. காட் இன்னும் வரவில்லை. அதைவிடச் சரியான உதாரணம் எந்த ஊரில் கிடைக்கும்?

அந்தச் சந்தோசம் வீடு வந்து சேரும்வரைதான்.

வாசலில் மச்சாள், அண்ணனின் மனைவி, போனும் கையுமாக நின்றார். "ஏஜென்சிக்காரர் திரும்பவும் எடுத்தவர். பாஸ்போட்ட வெள்ளிக்கிழமைக்குள்ள தரட்டாம்."

அண்ணன் கிணற்றடிக்குக் கால் கழுவப் போய்விட்டார்.

அவர் கட்டாரில் வேலைக்கு இருந்தவர். போன வருடம் திரும்பி வந்து, இந்தப் போகத்தை நானே செய்கிறேன், வயல் கைகொடுத்தால் இனிப் போகமாட்டேன் என்றார். சொன்ன அன்றைக்கு மச்சாள் சமைத்துக்கொண்டே அழுதார். சின்ன மகளுக்கு இப்போதுதான் அவர் தகப்பன் என்று பழகியிருக்கிறது. மழை பிந்தினால் அந்த விதையும் போய்விடும், அண்ணனும் போய்விடுவார். மற்றவர்கள் மறுவிதைப்புக்கென்று விதைநெல்லில் ஒரு பகுதியை எடுத்துவைத்திருந்தார்கள். அண்ணன் எல்லாவற்றையும் போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம் ஒரு தூறல் விழுந்தது. நான் துள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அண்ணனின் முகம் மட்டும் வெளுத்துப்போனது.

"என்ன அண்ணா, மழைதானே?"

"இது மழையில்ல புள்ள. இது விதைய எழுப்பிவிட்டுட்டுப் போயிரும். மறுகா வெயில் எறிச்சா முளையெல்லாம் கருகிப்போகும்."

அவர் பயந்தபடியே அடுத்தடுத்த நாட்கள் வெயில் எறித்தது. வயலுக்குப் போனோம். அண்ணன் விரலால் மண்ணைக் கிளறினார். வெடித்த நெல்லிலிருந்து வெள்ளையாய் ஒரு முளை, தலைமயிர் தடிப்பில், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு இடத்தில் கிளறினார். அங்கே முளையின் நுனி கருகிக் கபில நிறமாகியிருந்தது. மூன்றாவது இடத்தில் கிளற நான் விடவில்லை. பக்கத்து வயல்காரர் வரம்பில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"என்ன தம்பி, பல்லுப் பிடுங்கிற டொக்டர் மாதிரிக் கிண்டுறாய்? கிண்டக் கிண்டத்தான் சாகும். மூடிப்போட்டு வா."

"உங்களுக்குச் சிரிப்பாக் கிடக்கு அண்ணே."

"சிரிக்காம? என்ட விதையும் அதே புழுதிக்கதான் கிடக்கு. அழுதா மட்டும் மழ வருமா?"

அன்று பின்னேரம் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தோம். வாவிக்கு அக்கரையில், எழுவான்கரைப் பக்கம், மழை சாம்பல் நிறத் திரைபோல் இறங்கியது. தண்ணீருக்கு மேலால் பாதித் தூரம் எங்களை நோக்கி நடந்து வந்தது. பிறகு அப்படியே நின்று கலைந்தது. மச்சாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் போனில் வானிலையைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று காட்டியது.

பதற்றம் வந்தால் எனக்கு வாய் சும்மா இராது. அண்ணனிடம் வகுப்பு எடுக்கத் தொடங்கினேன். "பணயத்தக் கூட்டுறது எண்டு இங்கிலீசில சொல்லுவாங்க அண்ணா. பேப்பர்ல ரெண்டு நாடு முரண்டு பிடிச்சாலும் அதத்தான் எழுதுறாங்க. நீங்க இப்ப பாஸ்போட்டக் குடுத்தா அதுவும் அப்பிடித்தான். விசா என்ன, வேல என்ன எண்டு தெரியாம இன்னொரு ஆன்ரி வைக்கிறீங்க. ஒண்டு வச்சது போதாதா?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"உன்ட விளையாட்டுல, கூடாத காட் வந்தா என்ன செய்வாங்க?"

"வச்சத விட்டுட்டு எழும்பிப் போகலாம். மேல மேல வைக்கத் தேவையில்ல."

"எழும்பி எங்க போவான்?"

"வீட்ட."

"நான் வீட்டதானே இருக்கன். எனக்கு எழும்பிப் போறதெண்டா கட்டார்தான்."

பிள்ளைகளுக்குக் காட்ட எவ்வளவு அழகான உதாரணம் என்று துள்ளியவள், அந்த உதாரணத்துக்குள் யார் நிற்கிறார் என்று அதுவரை சரியாகப் பார்க்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் உடுப்பு மாற்றி, பாஸ்போட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார். மோட்டார் சைக்கிளை உதைக்கும்போதே வானம் இடித்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பலமுறை ஏமாந்தவர். படலையைத் தாண்டுமுன் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. தூறல் அல்ல, பாட்டம். மச்சாள் ஓடிப்போய் முதலில் பாஸ்போட்டைத்தான் பிடுங்கி, நனையாமல் சீலைக்குள் பொத்திக்கொண்டார். அண்ணன் நனைந்தபடி நின்றார். ஏஜென்சிக்காரருக்கு அவர் போன் எடுத்தது மழை விட்ட பிறகு. "அடுத்த மாசம் பாப்பம்" என்றார். போகமாட்டேன் என்று சொல்லவில்லை. நான் ஒட்டுக் கேட்டேன்.

மழை விட்டு விட்டுப் பல நாள் பெய்தது. இன்று போய்ப் பார்த்தோம். வயல் முழுக்கப் பச்சை என்று எழுத எனக்கும் ஆசைதான். கீழ் மூலையில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு முளைத்திருக்கிறது. மேட்டுப் பக்கம் வழுக்கை. கிட்டத்தட்டச் சரிபாதி. அண்ணன் வரம்பைச் சுற்றி நடந்து, திரும்பி வந்து, பின்னும் ஒருக்கால் நடந்தார்.

"அடர்த்தியா நிக்கிறதப் பிடுங்கி மேட்டுல நட்டா பிடிக்குமா அண்ணா?" என்று கேட்டேன்.

"இந்த ஈரம் நிண்டா பிடிக்கும். நிக்காட்டி, பிடுங்கினதும் போச்சு."

"நட ஆள்?"

"ஆள் பிடிக்க ஏலாது. நாமதான்."

நாளைக்கு வகுப்பு இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். விடியவே மூவரும் இறங்குகிறோம். மச்சாளுக்கு நடவு கை வந்தது. நான் வாழ்க்கையில் ஒரு நாற்றும் நட்டதில்லை. கீழ் மூலையிலிருந்து தொடங்கி, வேர் அறாமல் பிடுங்கி, இருட்டுமுன் மேட்டை எவ்வளவு மூடமுடியுமோ அவ்வளவு மூடிப் பார்க்கப்போகிறோம்.