ஹம்ஸாவின் மூக்கு

முட்டையை வாயில் வைத்தே அறியாத மனுஷர் முப்பது வருஷமாக முட்டைக் கோழிகளுக்கு வைத்தியம் பார்க்கிறார் என்றால் நம்புவீர்களா? ஸ்ரீரங்கம் தேசிகன் அப்படித்தான். அவர் வீட்டில் பூண்டுகூடக் கிடையாது.

நோயே இல்லாத கோழிக்கும் தினம் தீவனத்தில் ஆன்டிபயாடிக்கைக் கொட்டுகிறார்களே என்று அவருக்கு ஒரே ஆற்றாமை. "இப்படியே போனா நாளைக்கு நமக்கு ஒரு ஜுரம் வந்தா எந்த மருந்தும் கேக்காது" என்று பண்ணை பண்ணையாகப் போய்த் தொண்டை கிழியக் கத்தினார். காதில் போட்டுக்கொண்டது முசிறிப் பக்கத்துப் பண்ணைக்காரி ஃபெமினா ஒருத்திதான். மருந்தை நிறுத்திவிட்டு, அவர் சொன்னபடி பூண்டுப்பொடியும் மஞ்சளும் கலந்தாள். கோழிகள் ஜம்மென்று இருந்தன. தேசிகன்தான் பூண்டு வாடையோடு வீடு திரும்பினார். மனைவி ஹம்ஸா வாசலிலேயே மறித்து, கொல்லைப்பக்கம் போய்க் குளித்துவிட்டு உள்ளே வரச் சொல்வாள். ஆறு மாதமாக இதே கூத்து.

அப்போது பார்த்து, ஃபெமினாவிடம் வாங்கும் தில்லை நகர்க் கடைக்காரர் முட்டையையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார். பூண்டு நாற்றமாம்!

ஃபெமினா வேகவைத்துத் தின்று பார்த்தாள். தினம் பூண்டு ரசம் வைக்கிறவளுக்கு என்ன தெரியும்? தேசிகன் முகர்ந்தார். பூண்டு மூட்டையோடு பழகிய அந்த மூக்கும் கைவிட்டது.

"இன்னொரு தடவை திரும்பி வந்துச்சுன்னா பழைய மருந்துக்கே போயிடுவேன் சார். கோவிச்சுக்காதீங்க" என்றாள் ஃபெமினா. அவர் பேச்சைக் கேட்ட ஒரே பண்ணை அது.

ஐந்து வரிசைக் கூண்டுகளுக்கு ஐந்து அளவில் பூண்டு கலந்து பார்த்தார்கள். மூன்று வாரத்தில், பூண்டு குறைந்த முதல் இரண்டு வரிசைக் கோழிகள் கழிந்து துவண்டன. மற்ற மூன்றும் தெம்பாக இருந்தன. அந்த மூன்றில் ஒன்றிலாவது வாடையில்லாத முட்டை வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் போச்சு.

"ஹம்ஸா, ஒரு உபகாரம் பண்ணணுமே..."

"முட்டையை மோந்து பாக்கணுமா? நானா? பெருமாளே!"

மூன்றாம் நாள் காலை, "ஏன்னா, கார் எத்தனை மணிக்கு?" என்று வந்து நின்றாள்.

பண்ணையில் அவித்த முட்டைகளை மூன்று தட்டில் அறுத்து வைத்திருந்தாள் ஃபெமினா. ஹம்ஸா குனிந்தாள். ஐந்தாம் வரிசை முட்டையை விட்டுத் துள்ளி விலகினாள். நான்காவது? "இதுலயும் இருக்கு." மூன்றாவதை நெடுநேரம் முகர்ந்தாள். ஃபெமினா மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள்.

"இதுல முட்டை நாத்தம் மட்டுந்தான் இருக்கு. பூண்டு இல்லை."

"அக்கா!" என்று ஃபெமினா அவளைக் கட்டிக்கொண்டாள், தீவனம் கலந்த கையோடு.

வீடு வந்ததும் தேசிகன் வழக்கம்போலக் கொல்லைப்பக்கம் நடந்தார்.

"நில்லுங்கோ. இன்னிக்கு நான்தான் முதல்ல" என்றாள் ஹம்ஸா, வாசல்படி ஏறாமலே.

அதைக் கேட்டதும் தேசிகனுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, அவர் அவளுக்கு வெந்நீர் விளாவி வைத்தார்.